ராமுத்தாயின் வலது கால்

ராமுத்தாயின் பூக்காட்டுக்குள் செருப்போடு யாரும் நுழைய முடியாது. காந்திகிராமத்துக்குத் தெற்கே, சிறுமலையைப் பார்த்துக் கிடக்கும் அந்த மல்லிகைக் காட்டின் வேலியோரத்தில், விடியுமுன்னே செருப்புகள் குவிந்து கிடக்கும். பூ எடுக்க வருகிற பெண்கள் கழற்றிப் போட்டவை. ஒருமுறை புதிதாக வந்தவள் ஒருத்தி, கண்ணாடி குத்திய காலோடு ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு பாத்தி தாண்டிவிட்டாள். ராமுத்தாய் அவள் மடியைப் பிடித்து அவிழ்த்து, எடுத்திருந்த மொட்டையெல்லாம் வாய்க்காலில் கொட்டினாள்.

"சாமி தலைக்குப் போற பூவுடி. ஒன் செருப்புக் காலுக்குன்னு பூத்துச்சுன்னு நெனச்சியா?"

அவள் அழுதுகொண்டே போனாள். மற்றவர்கள் தலை நிமிராமல் பூ எடுத்தார்கள்.

ராமுத்தாயை நல்லவள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. கெட்டிக்காரி என்று எல்லாரும் சொன்னார்கள். புருஷன் பெருமாள்சாமி சின்ன வயதிலேயே போய்விட்டான். ஒரு கிணறும் ஒரு மகளும்தான் மிச்சம். மருந்தடித்தாள், செடி தழைக்கக் கிளை கழித்துக் கவாத்து வெட்டினாள், மோட்டார் நின்றால் தானே கழற்றி மாட்டினாள். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இருட்டில் இறங்கினால் அவளுடைய இரண்டு கையும் இரண்டு ஆளாக வேலை செய்யும். மகள் நாகஜோதியைப் பாலிமர் அறிவியல் படிக்க வைத்தாள். அவள் இப்போது கோயம்புத்தூரில், புண்ணுக்குப் போடும் கட்டு தயாரிக்கிற கம்பெனியில் இருக்கிறாள்.

எதிர்வீட்டில் பேச்சாயி இருந்தாள். பெருமாள்சாமியின் அக்கா. சர்க்கரை அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் திருப்பூர்ப் பக்கம் போனவர்கள், திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பேச்சாயியைக் குளிப்பாட்டியதும், மலம் அள்ளியதும், கஞ்சி ஊற்றியதும் ராமுத்தாய்தான். ஒருநாள் தவறவில்லை. ஒருநாளும் வாயை மூடிக்கொண்டு செய்யவும் இல்லை.

"கொக்கு எந்திரிச்சிருச்சா?" என்றுதான் காலையில் கதவைத் திறப்பாள். "இன்னைக்கு என்ன மீனு புடிக்கப் போற மதினி?"

மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே வேனில் ஏறியது. பேச்சாயி சேலை மாற்றிக்கொண்டு கோலை ஊன்றி வாசலுக்கு வந்து நின்றாள். ராமுத்தாய் வேனுக்குள்ளிருந்தே கத்தினாள்.

"நீ ஏறி எறங்குறதுக்குள்ள சாமி மலையேறிரும். போயிப் படு."

வேன் முழுக்கச் சிரித்தது. பேச்சாயியும் சிரித்தாள். அவளுக்கு வேறு வழியில்லை. ராமுத்தாய் கொடுக்கிற பூவைக் கட்டிக் கொடுத்துத்தான் அவள் சாப்பிட்டாள். காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து நாள் பூராவும் கட்டுவாள்.

தரையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு முதலில் தெரிவது மற்றவர்களின் கால்.

"ஏத்தா, கோழி எதுவும் அறுத்தியா?" என்று ஒருநாள் கேட்டாள் பேச்சாயி. "நீ நடந்த எடமெல்லாம் ரத்தமா இருக்கு."

ராமுத்தாய் குனிந்து பார்த்தாள். சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் சிவப்புச் சிவப்பாக ஒற்றைக் கால் தடம். வலது காலைத் தூக்கினாள். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், கவாத்துக் குச்சி ஒன்று ஏறி முறிந்து கிடந்தது. பிடுங்கினாள். விரற்கடை நீளம் இருந்தது. வலிக்கவே இல்லை. எப்போது ஏறியது என்றும் தெரியவில்லை.

அன்று அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. பேச்சாயியின் மொண்டிக் காலைத் தினமும் துடைத்த கை அது. அதன் நுனி எப்படி இருக்கும், துணி பட்டால் எப்படிச் சுருங்கும், எல்லாம் அவளுக்குத் தெரியும். கால் இல்லாதவளிடம் ஊர் என்னென்ன பேசும் என்பதும் தெரியும். அவ்வளவையும் பேசியவள் அவள்தான்.

மஞ்சளை அரைத்து அப்பினாள். ஆறவில்லை. குழி விழுந்தது. பேச்சாயிதான் பூ எடுக்கிற ஒருத்தியின் போனில் நாகஜோதியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

நாகஜோதி வந்து அம்மாவைத் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். இவளுக்கும் சர்க்கரை இருக்கிறது, அதில் கால் மரத்துப்போய்விட்டது என்று சொல்லி, அவர் செத்த சதையைச் சுரண்டி எடுத்தார். நாகஜோதி தங்கள் கம்பெனியின் கட்டைக் காட்டினாள். ஹைட்ரோஜெல். டாக்டருக்கு அது தெரிந்திருந்தது, போடலாம் என்றார். இரண்டு கட்டளை வைத்தார். அடிப்பாதத்தில் பாரம் விழாத எம்.சி.ஆர் செருப்பு இல்லாமல் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. வாரம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும்.

வீட்டில் நாகஜோதி உறையைப் பிரித்தாள். உள்ளே, உள்ளங்கை அகலத்தில், வழவழவென்று மஞ்சளாக ஒரு தகடு.

"நுங்கை மஞ்சத்தண்ணியில போட்டெடுத்த மாதிரி இருக்கு," என்றாள் ராமுத்தாய்.

"நுங்குதாம்மா. முக்கால்வாசி தண்ணி. புண்ணு காயாமப் பாத்துக்கும், சீழை இழுத்துக்கும். ஆனா முக்கியமானது நெறம். மஞ்சளா இருந்தா நல்லா ஆறுதுன்னு அர்த்தம். பச்சையானா கிருமி ஏறிருச்சுன்னு அர்த்தம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

"பச்சைன்னா நல்லதுதானடி? ரோட்டுல பச்சையப் பாத்துத்தானே போறான்?"

"இதுல பச்சைன்னா நில்லு. காலையில ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு."

"அதெப்படி அதுக்குத் தெரியும்?"

நாகஜோதி யோசித்தாள். ஆறுகிற புண்ணின் ஈரம் லேசாகப் புளிப்பாக இருக்கும். கிருமி பெருகினால் புளிப்புப் போய்ச் சுண்ணாம்புப் பக்கம் சாயும். தகட்டில் கலந்திருக்கிற சாயம் அதற்கேற்ப மாறும். இதை அம்மாவுக்குச் சொல்ல ஒரு வழிதான் இருந்தது.

"ஆலாத்தி கரைப்பேல்ல? மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்குதுல்ல? அது மாதிரித்தான்."

"அட, அம்புட்டுத்தானா!" என்றாள் ராமுத்தாய். இதற்குப் போய்ப் படிக்க வைத்தோமா என்பதுபோல் மகளைப் பார்த்தாள்.

பேச்சாயி வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையை நீட்டினாள். நாகஜோதி ஒரு தகட்டைக் கொடுத்தாள். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

"ஏந்தாயி, இது அன்னைக்கு இருந்திருந்தா எங்காலு தப்பிச்சிருக்குமா?"

"தப்பிச்சிருக்கலாம் அத்தை."

 ராமுத்தாயால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"தப்பிச்சு என்ன செய்யப் போற? ஓட்டப் பந்தயத்துக்கா போகப் போற? குடு அதை. அழுக்கு பண்ணிராத."

பேச்சாயி கொடுத்துவிட்டாள். கொடுப்பதற்கு முன்னால் ராமுத்தாயின் காலை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வை ராமுத்தாயின் நெஞ்சில் தங்கிவிட்டது.

கட்டு வேலை செய்தது. தை பிறக்கும் முன்பே குழி மேடேறத் தொடங்கியது. சிவப்பாகப் புதுச் சதை வந்தது. ராமுத்தாய் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். காலையில் போட்டோ போகும். "சூப்பர்மா" என்று பதில் வரும். காட்டுக்குப் போகவில்லை. வேலிக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள்.

தை வந்தது. பனி விழுந்து மொட்டுக் குறைந்தது. கல்யாணச் சீசன். மார்க்கெட்டில் மல்லிகையை அடித்துக்கொண்டு வாங்கினார்கள். பூ எடுக்கிற பெண்களோ நாலு செடியைப் பார்த்து ரெண்டு செடியை விட்டார்கள். விட்ட மொட்டெல்லாம் மறுநாள் வெடித்துப் பூத்து வீணாய்ப் போனது. ஸ்டூலிலிருந்து அவளுக்கு அது தெரிந்தது. உடம்பெல்லாம் எரிந்தது, காலைத் தவிர.

ஒருநாள் எழுந்து வேலியருகே போனாள். எம்.சி.ஆர் செருப்பைக் கழற்றினாள். மற்றவர்களின் செருப்புகளோடு அதையும் விட்டாள். கட்டின்மேல் ஒரு பாலிதீன் பையைச் சுற்றிக் கயிறு கட்டினாள். உள்ளே இறங்கினாள்.

பூ எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஜெயமேரி என்பவள் கொஞ்சம் துணிச்சல்காரி.

"யக்கா, டாக்டரு செருப்போட நடக்கச் சொன்னாருல்ல? ஒங்களுக்கு மட்டும் சாமி கண்ண மூடிக்கிற மாட்டாராக்கும்?"

"ஒனக்குச் சொன்ன சட்டந்தாண்டி எனக்கும். சாமிக்கு ஆளுக்கொரு சட்டமா?"

இதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள். பல வருஷமாக எத்தனையோ பேரின் செருப்பைக் கழற்ற வைத்தவள். இப்போது தான் மட்டும் போட்டுக்கொண்டு நுழைந்தால் இந்தச் சிறுக்கிகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். பாலிதீன் பை செடிக் குச்சியில் கிழிந்தது. பனியும் சேறும் உள்ளே போனது. அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு, மூன்று நாள் அப்படிப் போய் வந்தாள். ஒரு காலை, போட்டோ எடுக்கக் கட்டைப் பிரித்தபோது தகட்டின் ஓரத்தில் பச்சை இருந்தது. வெற்றிலை நுனி அளவுக்கு.

ராமுத்தாய் போனைக் கீழே வைத்தாள்.

பச்சையைப் பார்த்ததும் அவள் கண்ணில் வந்தது புண் இல்லை, பேச்சாயி. தகட்டைத் தடவிக்கொண்டு தன் காலைப் பார்த்த பார்வை. வயித்தெரிச்சல்காரி. கண்ணு வச்சிட்டா. இந்தப் போட்டோவை அனுப்பினால் நாகஜோதி மத்தியானமே காரில் வந்து நிற்பாள். டாக்டர் கத்தியோடு நிற்பார். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு கொக்கு. பேச்சாயியையும் அப்படித்தான் துண்டு துண்டாக எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் ராமுத்தாய்.

அடுப்படிக்குப் போனாள். கூடையில் சிறுமலை எலுமிச்சை கிடந்தது. கண்ணேறுக்கு அதுதான் மருந்து. அதோடு இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். ஆலாத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு கூடிப்போய் ரத்தமாகச் சிவந்துவிட்டால் எலுமிச்சையை ரெண்டு சொட்டுப் பிழிந்தால் போதும், மஞ்சளுக்குத் திரும்பிவிடும். இதுவும் அது மாதிரித்தான் என்று மகளே சொல்லியிருக்கிறாள்.

பழத்தைக் காலைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றினாள். எதிர்வீட்டைப் பார்த்துத் துப்பினாள். அறுத்து, தகட்டின்மேல் பிழிந்தாள்.

பச்சை வெளுத்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து மஞ்சள் ஊறி வந்து, பச்சையை முழுதாக மூடிவிட்டது.

அவளுக்குப் புல்லரித்தது. கையெடுத்துக் கும்பிட்டாள். சாறு வழிந்து புண்ணுக்குள்ளும் இறங்கியது. வேறு யாராவது இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்கள். அவளுக்கு எரியவே இல்லை. எரியாததையும் அவள் நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டாள்.

போட்டோ போனது. "சூப்பர்மா" என்று பதில் வந்தது.

அதன்பிறகு தினமும் எலுமிச்சைதான். ஒரு சொட்டில் திரும்பிய நிறம் ஒரு மூடிக்குத் திரும்பியது. பிறகு முழுப் பழம் வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டிய டாக்டரிடம் போகவில்லை. "போனேன்டி, நல்லாருக்குன்னுட்டாரு" என்று போனில் சொன்னாள். காட்டில் இறங்கினாள். தை முகூர்த்தம் ஒன்றைக்கூட விடவில்லை.

பேச்சாயிக்கு வாடை முதலில் வந்தது.

"ஏத்தா, நாறுது."

"ஒன் வாயி நாறும்."

"புண்ணு வாடைடி. நான் பட்டவ. எனக்குத் தெரியாதா? புள்ளைக்குப் போனப் போடு."

ராமுத்தாய் திரும்பினாள். சுவரில் சாய்த்திருந்த பேச்சாயியின் கோலை எடுத்தாள். அப்படியே வேலியைத் தாண்டி வீசினாள். அது முள்ளுக்குள் போய் விழுந்தது.

"கண்ணு வச்சது பத்தாதுன்னு இப்ப வாயும் வைக்கிறியா? என் காலையும் வாங்கிட்டாத்தான் ஒனக்குத் தூக்கம் வருமா? இனி ஒனக்கு ஒரு மொட்டுத் தர மாட்டேன். தவழ்ந்து போயி பிச்சை எடு."

 பேச்சாயி தவழ்ந்து தன் வீட்டுக்குள் போனாள். போன தடவை போல ஜெயமேரியின் போனை அவள் கேட்டிருக்கலாம். அடுத்த நாளும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, எதிர்வீட்டிலிருந்து வருகிற வாடையை மோந்துகொண்டிருந்தாள். பட்டுத் தெரிஞ்சுக்கிறட்டும் என்று இருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை.

ராமுத்தாய் பூக்காட்டுக்குள் குளிர் நடுங்கி விழுந்த அன்றுதான் பேச்சாயி போனைக் கேட்டாள்.

நாகஜோதி வந்தபோது அம்மா கட்டிலில் கிடந்தாள். காய்ச்சல் கொதித்தது. அறைக்குள் இரண்டு வாடை. ஒன்று அழுகல். இன்னொன்று எலுமிச்சை. கட்டிலுக்கடியில் பிழிந்த மூடிகள் காய்ந்தும் பூசணம் பூத்தும் கிடந்தன.

கட்டைப் பிரித்தாள். தகடு மஞ்சளாக இருந்தது. எந்தக் குறையும் இல்லாத, பரிசோதனைச் சாலையில் காட்டுகிற மஞ்சள். அதைத் தூக்கினாள். கீழே பாதம் கறுத்திருந்தது. பெருவிரலை அழுத்தினாள். தோலுக்கடியில் காற்றுக் குமிழ்கள் நொறுநொறுவென்று உடைந்தன. கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சியாம்மா?"

"திருஷ்டிக்குடி. பிழிஞ்சதும் மஞ்சளாயிருச்சு தெரியுமா? இப்பவும் மஞ்சளாத்தான இருக்கு?"

"அது நெறத்தைத்தாம்மா மாத்துச்சு."

ராமுத்தாய் மகளின் முகத்தைப் பார்த்தாள். 

"அப்பப் புண்ணு?"

நாகஜோதி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் தொடையைத் தொட்டுக் காட்டினார். இங்கே எடுக்க வேண்டும், இப்போதே எடுக்க வேண்டும், ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். ராமுத்தாய் தலையை ஆட்டினாள். முடியாது.

"எடுத்தீங்கன்னா நான் முழிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

நாகஜோதி கெஞ்சினாள். திட்டினாள். வெளியே போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து மறுபடி கெஞ்சினாள். ராமுத்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் ஜெயமேரி ஒரு ஆட்டோவில் பேச்சாயியைக் கூட்டி வந்தாள். முள் கீறிய அதே கோலை ஊன்றிப் பேச்சாயி வார்டுக்குள் வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

ராமுத்தாய் கண்ணைத் திறந்தாள். மூச்சு வாங்கியது.

"மதினி. காலு இல்லாம எப்படி இருக்கும்?"

இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதில்லை.

பேச்சாயி சேலைத் தலைப்பை இழுத்துத் தன் மொண்டிக் காலை மூடினாள்.

"பக்கத்துல உன்ன மாதிரி ஒருத்தி இல்லேன்னா நல்லாத்தான் இருக்கும்."

ராமுத்தாயின் வாய் கோணியது. சிரித்தாள் என்றுதான் நாகஜோதி நினைத்தாள். பிறகு ராமுத்தாய் இடது கையை நீட்டி, கட்டை விரலைக் காட்டினாள். சம்மதப் பத்திரத்தில் ரேகை வைக்க மை கொண்டு வாங்க என்று அர்த்தம். காலை எடுத்துக்கிறட்டும்.

நாகஜோதி ஓடினாள். டாக்டர் வந்தார். மானிட்டரைப் பார்த்தார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. ஊசி மேல் ஊசி போட்டும் ஏறவில்லை. இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் மேஜையிலேயே போய்விடுவார் என்றார். கொஞ்சம் ஏறட்டும், பார்க்கலாம் என்றார்.

ஏறவில்லை. விடிகிற நேரத்தில், அவள் காட்டில் இறங்குகிற நேரத்தில், ராமுத்தாய் போய்விட்டாள். இரண்டு காலோடு.

ஊரில் அதைத்தான் எல்லாரும் சொன்னார்கள். வைராக்கியக்காரி, முழுசாப் போய்ச் சேந்துட்டா என்றார்கள். ஒருவரும் கால்மாட்டுப் பக்கம் போகவில்லை. வாடை அப்படி. பூவைக் கொட்டினார்கள், பத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தினார்கள். குளிப்பாட்டியாகிவிட்டது. பாடையும் வந்துவிட்டது. ஏற்றுமுன் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். வேட்டிக் கிழிசலைக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வலது பெருவிரல் கரிக்கட்டையாக இருந்தது. இழுத்துக் கட்டினால் கையோடு வந்துவிடும்.

நாகஜோதி துணியை வாங்கக் கையை நீட்டினாள். 

"நீ நகரு தாயி," என்றாள் பேச்சாயி.

கூட்டத்தின் கால்களுக்கிடையே தரையோடு தரையாக நகர்ந்து வந்தாள். துணியை வாங்கினாள். இத்தனை வருஷம் பூக் கட்டிய விரல்கள். மொட்டு நசுங்காமல் முடிச்சுப் போடுகிற மாதிரியே, சதை பிய்யாமல், நல்ல விரலையும் கறுத்த விரலையும் சேர்த்து முடிந்தாள். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"இவளுக்குச் சேத்துக் கட்ட ரெண்டு இருந்துச்சு. என்னைய எதோட சேத்துக் கட்டுவீங்க?"